காலி இடத்தில் வைத்த புள்ளி

மேஸ்திரியின் தலை இருந்த இடத்தைச் சிமெண்ட் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். சாக்கில் ஒட்டியிருந்த தூளும் ரத்தமும் சேர்ந்து இறுகத் தொடங்கியிருந்தன. பக்கத்தில் கம்பி வளைக்கும் இரும்புத் தடி கிடந்தது. அதன் நுனியில் முடி.

"ஒரே அடியா?" என்று கேட்டாள் தராசு.

"மூணு. முதல்ல கால்ல. அப்புறம் தோள்ல. நடுவுல ரெண்டு பேரும் என்னமோ பேசியிருக்காங்க. கடைசி அடிதான் தலையில." இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "துப்பறிய ஒண்ணுமே இல்லை மேடம். கொன்னது யாருன்னு தெரியும். ஏன்னு தெரியும். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கான்னுகூடத் தெரியும்."

அவர் விரல் மேலே காட்டியது. பாதி கட்டிய கட்டடம். அதன் உச்சித் தளத்தின் விளிம்பில் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கம்பி கட்டும் தொழிலாளி. கம்பிக்காரன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இன்னொருவர் அந்தக் கட்டடத்தின் கான்ட்ராக்டர். கம்பிகளைப் பிணைக்கும் கட்டுக்கம்பியால் இருவர் இடுப்பும் ஒன்றாகச் சுற்றப்பட்டிருந்தது.

மேலிருந்து ஓர் அலறல் வந்தது. கேட்டவர்களுக்குப் பல் கூசியது.

"கேள்வி கேட்கிறான். பதில் பிடிக்கலைன்னா சுத்தியலால ஒரு விரல்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்போ பத்துக் கேள்விதான் கேட்க முடியும்" என்றான் சைரன்.

"கால்லயும் விரல் இருக்கு" என்றாள் தராசு.

தராசு முன்னாள் போலீஸ்காரி. வேலை போய்விட்டது, அங்கே வைத்த பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். சைரன் அவளுடைய உதவியாளன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினான். வண்டியை விட்டாலும் வாய் ஓயவில்லை.

"ஆயுதப்படை கிளம்பிடுச்சு. வந்தா சுட்டுடுவாங்க. கூடக் கட்டியிருக்கிறவரும் விழுந்தா விழட்டும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நீங்க இங்கே நின்னு ஒண்ணும் ஆகப் போறதில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

தராசையும் சைரனையும் இங்கே இழுத்துக்கொண்டு வந்தவள் கம்பிக்காரனின் மனைவி. போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அப்பால் ஜல்லிக் குவியல் மேல் செருப்பில்லாமல் நின்றாள். தராசு அவளிடம் போனாள்.

"அழாம சொல்லு. ஏன் இன்னிக்கு?"

"அவரோட தம்பி இதே கான்ட்ராக்டர்கிட்ட அஸ்திவாரக் குழி தோண்டினான் அக்கா. மண்ணு சரிஞ்சு உள்ளேயே போயிட்டான். குழி ஓரத்துல மண்ணைத் தாங்குற பலகை இருந்திருந்தா சரிஞ்சிருக்காது. அதைப் பார்த்துக்க வேண்டியவன் மேஸ்திரி. மேஸ்திரியைக் கொல்லுவேன் கொல்லுவேன்னு இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. சொல்றதோட சரி. பொண்ணு முகத்தைப் பார்த்தா அடங்கிடுவாரு. இப்ப தலையில கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. எடுத்த கட்டியைக் கம்ப்யூட்டர்ல வச்சுப் பார்த்துட்டு கிரேடு நாலுன்னாங்க. சில மாசம்தான், அதுக்கு மேல இல்லைன்னுட்டாங்க. போகும்போது அவனையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னு காலையில கிளம்பிட்டாரு."

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனது?"

"கான்ட்ராக்டர் ஐயாதான். அவரோட மச்சினன் அங்கே வேலை செய்றாராம். ஆனா எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. கட்டியை எடுத்த டாக்டரு, 'பார்த்தா சாதுவான கட்டி மாதிரிதான் இருக்கு'ன்னு என்கிட்ட சொன்னாரு. இவரும் ரெண்டு ஆள் சோறு சாப்பிடுறாரு. தலைவலி போயிடுச்சு. கம்பிக் கட்டைத் தனி ஆளாத் தூக்குறாரு. சாகப்போற மனுசன் இப்படியா இருப்பான்?"

தராசு மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு வண்டியை நோக்கி நடந்தாள்.

"அக்கா, குற்றவாளி மேலே இருக்கான். நாம எங்கே போறோம்?" என்று பின்னால் ஓடினான் சைரன்.

"அவனுக்கு நாள் குறிச்ச இடத்துக்கு. அந்தக் குறிப்பு தப்பா இருந்தா, அவன் சாகறதுக்குக் காரணமே இல்லை. காரணம் இல்லாதவன் கீழே இறங்கி வருவான்."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது திசு ஆய்வுக்கூடம். சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடி கண்ணைக் கரித்தது. மேசை முழுக்க ஸ்லைடுகள். விரல் நீளக் கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் சாயம் ஏற்றிய ஒரு துணுக்கு மனிதச் சதை. டாக்டரம்மா நிமிராமலே சொன்னார்.

"எங்க மிஷின் தப்புப் பண்ணாது. ஆயிரக்கணக்கான ஸ்லைடைக் காட்டிப் பழக்கியிருக்கு."

"நானும் ஆயிரக்கணக்கான தடவை பல் தேய்ச்சிருக்கேன். ஆனாலும் சொத்தை" என்றான் சைரன்.

"அந்த ஸ்லைடை உங்க கண்ணால ஒரு தடவை பாருங்க டாக்டர். அது போதும்" என்றாள் தராசு. "நீங்க பார்க்கிற நேரத்துல அங்கே ஒருத்தனுக்கு விரல் போகுது. இன்னொருத்தனுக்கு உயிரே போகப் போகுது."

டாக்டரம்மா டிராயரைத் திறந்து ஸ்லைடைத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். திருகினார். நகர்த்தினார். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினார். முதுகு மெல்ல விறைத்தது.

"கெட்ட கட்டின்னா செல்லெல்லாம் வேகமாப் பிளந்து பெருகிக்கிட்டே இருக்கும். இதுல ஒண்ணுகூட அப்படி இல்லை. செத்த திசுவும் இல்லை." குரல் இறங்கிவிட்டது. "இது கிரேடு ரெண்டு."

"பாதிக்குப் பாதி தள்ளுபடி" என்றான் சைரன்.

"அப்போ மிஷின் ஏன் நாலுன்னு சொல்லிச்சு?" என்று கேட்டாள் தராசு.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அந்த ஸ்லைடின் படத்தைத் திறந்தார். மிஷின் தான் பார்த்ததை எல்லாம் படமாக வைத்துக்கொள்ளும். திரையில் இளஞ்சிவப்புத் திசு பரந்து கிடந்தது. அதன்மேல் அங்கங்கே நீல மார்க்கர் பேனாவால் வைத்த புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மிஷின் சிவப்பு வட்டம் போட்டு 'நான்கு' என்று கத்தியிருந்தது.

"ஐயோ" என்றார் டாக்டரம்மா, மிக மெதுவாக.

"எங்களுக்கும் புரியற மாதிரி ஐயோ சொல்லுங்க" என்றான் சைரன்.

"ஸ்லைடுல கெட்ட செல்லைப் பார்த்தா, இன்னொரு டாக்டருக்குக் காட்டறதுக்காக அந்த இடத்துக்கு மேலே கண்ணாடியில பேனாவால ஒரு புள்ளி வைப்போம். எல்லா லேப்லயும் உள்ள பழக்கம். மிஷினைப் பழக்கினப்ப பழைய ஸ்லைடுங்களை அப்படியே போட்டுட்டாங்க. கெட்ட கட்டி ஸ்லைடுல எல்லாம் புள்ளி இருந்துச்சு. நல்லதுல இல்லை."

"அதனால அது செல்லைப் பார்க்கவே கத்துக்கலை" என்றாள் தராசு.

"புள்ளியைப் பார்க்கக் கத்துக்கிச்சு. அது எங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. அதனால மிஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி புள்ளியை ஸ்பிரிட்ல துடைச்சிடணும்னு ஒரு ஏற்பாடு. வெளியே சொல்றதில்லை."

"வாத்தியார் டிக் போட்ட இடத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிப் பாஸான பயல்" என்றான் சைரன். "அவன்கிட்ட மனுச மூளையைக் குடுத்திருக்கீங்க."

தராசு திரைக்கு மிக அருகே போயிருந்தாள். "இந்தப் புள்ளியெல்லாம் நீங்க வச்சதா?"

"இந்த ஸ்லைடை நான் இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன்." டாக்டரம்மாவின் காது மடல் சிவந்தது. "மிஷின் சொன்னதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு வருது தினமும்."

"அதை அப்புறம் பார்க்கலாம். ஓரத்துல இருக்கிற இந்தப் புள்ளிக்குக் கீழே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. திசு அங்கே வரவே இல்லை. வெறும் கண்ணாடி."

"ஒரு டாக்டர் வெறும் கண்ணாடிக்குப் புள்ளி வைப்பாரா?"

"எதையோ பார்த்தப்புறம்தானே வைப்போம். பார்க்க ஒண்ணுமில்லாத இடத்துல எதுக்கு…"

"அப்போ வச்சவன் டாக்டர் இல்லை. புள்ளி எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது. ஆனா புள்ளி இருந்தா மிஷின் ஏமாறும்னு நல்லாத் தெரியும். மைக்ரோஸ்கோப்பைத் தொடாத ஆள். தினமும் புள்ளியைப் பார்க்கிற ஆள். வேலை முடிஞ்சதும் கண்ணாடியைத் துடைச்சு வச்சுட்டான். படத்தை விட்டுட்டான்."

டாக்டரம்மாவின் கண் தானாகவே பக்கத்து அறைப் பக்கம் போனது. "மிஷின்ல ஸ்லைடு அடுக்குற ஆபரேட்டர். துடைக்கிறதே அவன் வேலைதான்."

அந்த அறைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே நின்றவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் கையில் சதைக் கட்டிகளை அறுக்கும் நீளக் கத்தி.

சைரன் "தம்பி, பேசிக்க…" என்பதற்குள் கத்தி வந்துவிட்டது. அவன் கையை முழங்கைக்குக் கீழே சட்டையோடு சேர்த்து உரித்தது. சைரன் பின்னால் சாய்ந்தான். மேசையோடு சரிந்தான். ஸ்லைடுகள் அவன் முதுகுக்கு அடியில் நொறுங்கின. ஆபரேட்டர் இரண்டாவது வீச்சைக் கழுத்துக்குக் குறி வைத்தான். சைரன் கையில் அகப்பட்ட வாளியைத் தூக்கி அவன் முகத்தில் கொட்டினான். ஃபார்மலின். ஆபரேட்டர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான். தராசு அவன் கத்திக் கையை மணிக்கட்டோடு பிடித்து, திறந்து கிடந்த இரும்பு டிராயருக்குள் திணித்து, இடுப்பால் ஓர் இடி இடித்து மூடினாள். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"இன்னொரு தடவை மூடட்டுமா?"

"வேணாம். வேணாம்மா. எங்க அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் பண்ணினேன்."

"உங்க அக்கா வீட்டுக்காரர் யாரு?"

அவன் சொன்னதும் சைரன் வலியை மறந்து நிமிர்ந்தான். மேலே விரல் உடைபட்டுக்கொண்டிருந்த அதே கான்ட்ராக்டர்.

"குழி ஓரத்துப் பலகையைப் பிடுங்கி வேற கட்டடத்துக்கு அனுப்பச் சொன்னதே அவருதான். மேஸ்திரி அதைக் கோர்ட்ல சொல்லப் போறேன்னுட்டான். கம்பிக்காரன் அவனைக் கொல்லணும்னுதான் திரியறான், ஆயுசு இருக்கிறதாலதான் பயப்படுறான், அந்த ஆயுசை எடுத்துட்டாப் போதும்னு சொன்னாரு. தலையில கட்டின்னு தெரிஞ்சதும் அவரே கூட்டிட்டு வந்தாரு." அவன் டிராயரில் சிக்கிய கையோடு முழங்காலிட்டான். எரியும் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "நான் பேனாவால நாலு புள்ளிதான் வச்சேன்."

"துப்பாக்கின்னா லைசென்ஸ் கேட்பாங்க" என்றான் சைரன், கையில் துணியைச் சுற்றிக்கொண்டே. "பேனாவுக்குக் கேட்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரிக் காவலாளிகள் அவனைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர்க் குழாயைத் திறந்து அவன் கண்ணைக் கழுவச் சொல்லிவிட்டு, தராசு டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "கொஞ்ச நேரத்துல போன் பண்றேன். கிரேடை மட்டும் சொல்லுங்க. மிஷின் தப்புன்னு சொல்லுங்க. பேனா, புள்ளி, மை எதுவும் உங்க வாயில வரக்கூடாது."

சைரன் ஒரே கையால் வண்டியை விரட்டினான். "ஏன்க்கா மறைக்கணும்?"

"கொலை பண்ண வச்சதே பக்கத்துல கட்டிப்போட்டிருக்கிற ஆள்தான்னு தெரிஞ்சா என்ன பண்ணுவான்?"

சைரன் யோசித்தான். "கான்ட்ராக்டர் சீக்கிரமா இறங்கி வருவாரு. படியில இல்லை."

"கூடவே அவனும் வருவான். அதனால பாதி உண்மைதான் மேலே போகும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆயுதப்படை வண்டி வாசலில் நின்றது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னலில் ஒரு துப்பாக்கிக் குழாய் தெரிந்தது. இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பேசி, தராசு படி ஏறினாள். சைரன் பின்னால் ரத்தம் சொட்ட ஏறினான்.

உச்சித் தளத்தில் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. பால்கனிக்காக நீட்டிவிட்ட கம்பிகள் விளிம்புக்கு வெளியே வரிசையாகத் துருத்தி நின்றன. கம்பிக்காரனின் மொட்டைத் தலையில் ஆபரேஷன் தையல் ஒரு கோடாகத் தெரிந்தது. மடியில் சுத்தியல். கான்ட்ராக்டரின் வலது கையில் உள்ளங்கை மட்டும்தான் கையாக இருந்தது. விரல்கள் வேறு வேறு திசையில் திரும்பி, ஊதிக் கறுத்திருந்தன.

"கிட்ட வராதீங்க" என்றான் கம்பிக்காரன்.

"வரலை. முட்டி வலிக்குது, உட்கார்ந்துக்கிறேன்." தராசு ஒரு கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். "உன் பொண்டாட்டி அனுப்பினா. நீ ரெண்டு ஆள் சோறு சாப்பிடுறதா புகார்."

"போய்ச் சுடச் சொல்லுங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இந்தாளு ஒரு வார்த்தை சொல்லணும். பலகையை எடுக்கச் சொன்னது நான்தான்னு சொல்லணும். சொன்னா சேர்ந்து போயிடுறோம்."

"அதுக்கு முன்னாடி இதைக் கேளு." தராசு போனைத் தரையில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

டாக்டரம்மாவின் குரல் வெட்ட வெளியில் மெலிந்து கேட்டது. "உங்க கட்டி கிரேடு நாலு இல்லை. ரெண்டு. மிஷின் தப்பாச் சொல்லிச்சு, நான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப என் கண்ணாலயே பார்த்துட்டேன். கதிர் சிகிச்சை இருக்கு, மருந்து இருக்கு. இப்படி உள்ளவங்க வருஷக்கணக்கா இருக்காங்க. உங்க பொண்ணு வேலைக்குப் போறதை நீங்க பார்க்கலாம்."

கம்பிக்காரன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியல் மடியிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்தது. அவன் கை தலைத் தையலைத் தடவியது, யாருடையதையோ தடவுவது போல.

"நான் சாகலையா?"

"இல்லை" என்றாள் தராசு.

கான்ட்ராக்டருக்கு உயிர் வந்தது. வார்த்தைகள் எச்சிலும் ரத்தமுமாகக் கொட்டின. "கேட்டியாப்பா. மையைப் பார்த்து மிஷின் ஏமாந்துடுச்சு, அவ்வளவுதான். உனக்கு ஒண்ணும் இல்லை. என்னை அவுத்து விட்டுடு."

"போச்சு" என்றான் சைரன், வாய்க்குள்.

கம்பிக்காரன் மெல்லத் திரும்பினான். "என்ன மை? அந்தம்மா மைன்னு சொல்லலையே."

கம்பிக்காரன் தராசைப் பார்த்தான். இனிப் பொய் சொன்னால் அடுத்த வார்த்தையும் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா. இவன்தான். இவன் மச்சினன்தான் உன் ஸ்லைடுல மை வச்சான். மேஸ்திரியை உன் கையால முடிக்கிறதுக்கு."

சுத்தியல் கம்பிக்காரன் கைக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. தலைக்கு மேல் நின்றது. கான்ட்ராக்டர் ஒண்ணுக்குப் போய்விட்டார். அது தளத்தில் வழிந்து விளிம்பைத் தாண்டிச் சொட்டியது.

"அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு" என்றாள் தராசு. "கடைசி அடிக்கு முன்னாடி மேஸ்திரி உன்கிட்ட என்ன சொன்னான்?"

சுத்தியல் இறங்கவில்லை. "பலகையை எடுக்கச் சொன்னது கான்ட்ராக்டர்தான்னான். கோர்ட்ல சொல்லப்போறேன், விட்டுடுன்னு கெஞ்சினான். பொய்யின்னு நினைச்சு அடிச்சேன். அடிச்சப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு."

"வேற யாரு கேட்டாங்க?"

"யாருமில்லை. எல்லாரும் பயந்து தூரத்துல நின்னாங்க."

"அப்போ மேஸ்திரி சொன்ன வார்த்தை இப்ப உன் வாயில மட்டும்தான் இருக்கு. இவன் மச்சினன் நாளைக்கே பேச்சை மாத்திடுவான். இவனை அடிச்சா எதிர்ல இருக்கிறவன் சுடுவான். நீ போனா, உன் தம்பி தன் தப்பாலதான் மண்ணுக்குள்ள போனான்னு கேஸை மூடிடுவாங்க. இவன் பேர் எங்கேயும் வராது. நீ உள்ளேதான் போவே, அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உள்ளே போறவனும் சாட்சி சொல்லலாம்."

சுத்தியல் இறங்கியது. கான்ட்ராக்டரின் காதுக்குப் பக்கத்தில் கான்கிரீட்டைப் பெயர்த்தது. தெறித்த சில்லு அவர் கன்னத்தைக் கிழித்தது. கம்பிக்காரன் மூச்சு இரைக்க, இடுப்பிலிருந்து குறடை உருவி, தங்கள் இருவரையும் பிணைத்த கட்டுக்கம்பியை நறுக்கினான். எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினான்.

அந்த நொடியில் கான்ட்ராக்டர் இரண்டு காலையும் மடக்கி அவன் விலாவில் உதைத்தார். முழு பலத்தோடு, ஒரே சாட்சியை நோக்கி.

கம்பிக்காரன் சத்தமில்லாமல் விளிம்புக்கு அப்பால் போனான். கீழே அவன் மனைவியின் குரல் கிழிந்தது. சைரன் வயிறு தேயப் பாய்ந்து எட்டிப் பார்த்தான். நீட்டிவிட்ட கம்பி ஒன்றில் ஒற்றைக் கையால் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். துரு அவன் உள்ளங்கையை அறுத்தது. சைரன் அவன் மணிக்கட்டைப் பற்றினான். வெட்டுப்பட்ட கையின் ரத்தம் இருவர் பிடிக்கும் நடுவே வழுக்கியது.

"விடாதே தம்பி. விட்டுடாதே. விட்டுடாதே."

"விடலைண்ணே. ரெண்டு ஆள் சோறுன்னு உங்க வீட்டம்மா சொன்னப்ப நான் நம்பலை. இப்ப நம்பறேன்."

கான்ட்ராக்டர் தவழ்ந்து சைரனின் காலைப் பிடிக்க வந்தார். தராசு அவருடைய உடைந்த விரல்களின் மேல் செருப்புக் காலை வைத்து, முழு எடையோடு நின்றாள். அவர் கத்திய கத்தலில் கீழே நின்ற மொத்தப் போலீஸும் மேலே பார்த்தது. அவர் உதைத்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

படியேறி ஓடி வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்து இழுத்தார்கள். கம்பியைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சாகப்போகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதனின் விரல்கள் பிரியவே மறுத்தன. கடைசியில் தளத்தில் மல்லாந்து விழுந்தான். நெஞ்சு பட்டறைத் துருத்தி போல ஏறி இறங்கியது.

இன்ஸ்பெக்டர் விலங்கோடு குனிந்தார். கம்பிக்காரனின் கை இன்னும் சைரனின் மணிக்கட்டை விடவில்லை.

"அண்ணே, தளத்துக்கு வந்துட்டீங்க. கையை விடுங்க, சார் காத்திருக்காரு."

கம்பிக்காரன் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றான்.